இலவச மென்பொருளும் முத்துக்குமாரின் ஞாயிற்றுக்கிழமைகளும்

ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, "தம்பி, எங்களுக்கு ஒரு வெப்சைட் வேணும், ஆனா செலவழிக்க வழியில்ல" என்று சொன்னால் உங்கள் வாயில் முதலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "அதுக்கென்ன சார், இலவசமாவே பண்ணிரலாம்." அப்படிச் சொல்லும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது பொய்யான சந்தோஷம் இல்லை. நானும் பல வருடம் அதை அனுபவித்தவன்தான்.

பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, மதுரை காளவாசலில் ஒரு மாடிப்படிக்குக் கீழே டிடிபி கடை போட்டவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அடித்து அடித்தே கம்ப்யூட்டர் பழகினேன். வெப்சைட் வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கும் எனக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. எந்தெந்த ஊரிலோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்த மென்பொருள்கள்தான் எனக்குச் சோறு போட்டன. இப்போது கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவற்றைத் திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பிட்ட வீட்டைக் குறை சொல்கிற ஆள் இல்லை நான். ஆனால் 'செலவில்லை' என்று நாம் வாய் நிறையச் சொல்லும்போது அந்தச் செலவை வேறு யாரோ, எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு நான் ஒரு தடவை போக வேண்டி வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அவனியாபுரம் தாண்டி மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு இல்லம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்களுக்கானது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், மாடு தூக்கிப் போட்டவர் என்று ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கதை. நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த இல்லத்தில் அடுப்பு எரிவது பெரும்பாலும் இறந்தவர்கள் பெயரில்தான். நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். அப்பா இறந்த திதியன்று வீட்டில் படையல் போட்டுக் கும்பிட்டுவிட்டு, ஏதாவது ஒரு இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுவார்கள். குடும்பத்தோடு வந்து, படத்தை ஒரு நாற்காலியில் வைத்து மாலை சாத்தி, தாங்களே பரிமாறுவார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எங்க ஆளுகளுக்குச் சோறு போடுறது உசுரோட இருக்கவங்க இல்லய்யா. போய்ச் சேந்தவங்கதான். அவங்கதான் வருசம் தவறாம வாராங்க."

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நாளில் இரண்டு குடும்பம் சாம்பார் அண்டாவோடு வந்து நிற்கும். மறுநாள் ஒருவரும் வர மாட்டார்கள், கஞ்சிதான். அப்படி இரண்டு குடும்பம் வந்து யார் படத்தை முன்னால் வைப்பது என்று முறைத்துக்கொண்டு நின்ற ஒரு மதியம்தான், நண்பர்களோடு பரிமாற வந்திருந்த முத்துக்குமார் டீச்சரிடம், "நான் ஒரு வெப்சைட் போட்டுத் தாரேன் டீச்சர். எல்லாரும் அதுலயே நாள் பதிஞ்சுக்கட்டும். பைசா செலவில்ல" என்று சொன்னது.

முத்துக்குமார் பேரையூர்ப் பக்கத்துப் பையன். விவசாயக் குடும்பம். மதுரையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சொன்னபடி செய்தும் கொடுத்தார். திறப்பு விழா பேனர் அடிக்க என் கடைக்கு வந்தவர், அப்படியே சிநேகிதமாகிவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது எல்லோரும் எடுக்கிற இலவச மென்பொருள்தான். அதில் நாள் பதிகிற காலண்டர் ஒன்று இலவச இணைப்பாக, பிளகின் என்பார்கள், கிடைத்தது. எவனோ வெள்ளைக்காரன் ஹோட்டல் அறை பதிவதற்காக எழுதியது. அதற்குத் தேதிதான் தெரியும், திதி தெரியாது. நம் ஆட்களுக்கோ, "ஆவணி மாசம், தேய்பிறை ஏகாதசி" என்றால்தான் அப்பா இறந்த நாள். இந்த வருடம் அது என்ன தேதியில் வருகிறது என்று காலண்டரைக் கிழித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

முத்துக்குமார் அந்தக் காலண்டரின் வயிற்றைத் திறந்து உள்ளே திதியை எழுதி வைத்தார். மாதத்தையும் திதியையும் ஒரு தடவை பதிந்தால் போதும். ஒவ்வொரு வருடமும் அதுவே தேதியைக் கண்டுபிடித்து நாளை ஒதுக்கி வைக்கும். யாராவது பதிந்தால் முத்துக்குமார் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அவர் அதை டீச்சருக்கு அனுப்புவார்: "நாளைக்கு மதியம் வில்லாபுரத்துக் குடும்பம், வடை பாயசத்தோட." டீச்சருக்கு ஒரே ஆனந்தம். "எமனுக்குக்கூட இம்புட்டு கணக்கு இருக்காதுடா" என்று அவர் முதுகில் தட்டிச் சொன்னாராம். ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, "இணையதளம்: செலவு இல்லை" என்று வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் விளங்கியிருக்கும். அடுத்தவர் எழுதிய இணைப்பின் உள்ளே நேராகக் கை வைத்துத் திருத்தினால் என்ன ஆகும்? எழுதியவர் அதில் கள்ளன் நுழையும் ஓட்டை கண்டுபிடித்து, அதை அடைத்துப் புதிய பதிப்பு விடுவார். அப்டேட் பட்டனைத் தட்டினால் பழையது மொத்தமாகப் போய்ப் புதியது வந்து உட்காரும். அதோடு நீங்கள் எழுதிய திதியும் போய்விடும். முத்துக்குமாருக்கு இது தெரியாமல் இல்லை. திதியைத் தனியாக எழுதி ஓரமாக ஒட்டி வைப்பதுதான் முறை. அதற்கு நாள் பிடிக்கும். "பின்னால ஒழுங்கா பண்ணிக்கிறேண்ணே" என்று என்னிடமே சொன்னார். அந்தப் பின்னால் வரவே இல்லை. ஒவ்வொரு அப்டேட்டின்போதும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, புதியதைப் போட்டு, தன் திதியை மறுபடி கையால் எழுதி, ஏதாவது ஒன்று முட்டிக்கொண்டு நிற்க, அதைச் சரிசெய்து...

காளவாசல் டீக்கடையில் ஒரு நாள் கேட்டேன். "என்ன மாப்ள, கண்ணு செவந்து கெடக்கு?"

"அத ஏண்ணே கேக்குறீங்க. இந்த இலவச சாஃப்ட்வேர் மாமியா வீடு மாதிரி. பொண்ணு குடுக்கும்போது சும்மா சிரிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க. அப்புறம் வாராவாரம் போயி நல்லாருக்கீங்களா அத்தன்னு கேக்கணும். ஒரு வாரம் போகலன்னா மூஞ்சியத் தூக்கிரும்."

"அப்ப டீச்சர்கிட்டச் சொல்லி ஒரு ஆளப் போடச் சொல்லேன்."

"ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும்னா, அப்பறம் என்னண்ணே இலவசம்?" என்று சிரித்தார். டீ மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

பிறகு கல்யாணம் ஆனது. பெண்ணின் பெயர் மலர். அடுத்து ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகள் சுருங்கின. டீச்சரிடம், "அப்டேட்னு ஒரு பட்டன் சிவப்பா வரும், அத மட்டும் யாரும் தொட்டுறாதீங்க, நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் ஒரு காகிதத்தில் 'தொடாதே' என்று பெரிதாக எழுதிக் கம்ப்யூட்டர் தலையில் ஒட்டினார். பள்ளிக்கூடத்து எழுத்து, அச்சு மாதிரி இருக்கும்.

ஆடி மாதக் கடைசியில் முத்துக்குமார் இறந்துபோனார். வேலை முடிந்து சுற்றுச்சாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தவரை லாரி தட்டிவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை. இல்லத்தில் அன்று ஒருவரும் சாப்பிடவில்லை. அழுவதற்காகக்கூட தானாக எழுந்து உட்கார முடியாதவர்கள் அவர்களில் பலர். படுத்தபடியே கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது என்று டீச்சர் சொன்னார்.

ஆவணி முடியும் சமயத்தில் டீச்சரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. குரலே சரியில்லை.

"என்னய்யா நடக்குது? ஒரு அம்மா கூப்புட்டு, 'எங்க வீட்டுக்காரர் திதிக்கு நாள் பதியப் போனா ரம்மி ஆடுங்கன்னு வருது, என்ன டீச்சர் சீட்டு க்ளப்பு நடத்துறீங்களா'ன்னு கேக்குது. இன்னொருத்தர் அசிங்கமா என்னமோ படம் வருதுன்னு திட்டுறாரு. நான் என்ன பதில் சொல்ல?"

என் போனில் திறந்து பார்த்தேன். உண்மைதான். கம்ப்யூட்டரில் திறந்தால் இல்லம் வருகிறது. போனில் திறந்தால் சூதாட்டத்துக்குத் தள்ளிவிடுகிறது. அப்டேட் செய்யாத காலண்டரின் பழைய ஓட்டை வழியாக எவனோ உள்ளே புகுந்துவிட்டான். 'தொடாதே' என்ற காகிதத்தை எல்லோரும் மதித்திருக்கிறார்கள், திருடனைத் தவிர.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை, உள்ளே போக முடிந்தால். டீச்சரிடம் இருந்த சாவியில், அதாவது பாஸ்வேர்டில், பதிவுகளைப் பார்க்கலாம், அந்தச் சிவப்புப் பட்டனைத் தட்டலாம், அவ்வளவுதான்; புகுந்தவனை வெளியேற்ற அது போதாது. இணையதளத்தின் பெயர், அது குடியிருக்கிற இடம், எல்லாம் முத்துக்குமாரின் சொந்த மெயிலில், சொந்தப் போன் எண்ணில். நம்ம தம்பிதானே என்று யாரும் கேட்டதில்லை. என் சொத்து என்று அவரும் நினைத்ததில்லை. அந்த இடத்தை வாடகைக்கு விடுகிற கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினார்.

"பதிவு செஞ்சவர் லைன்ல வரணும் சார்."

"அவர் இறந்துட்டாரும்மா."

"ரொம்ப சாரி சார். அப்ப அவர் மெயில்ல இருந்து ஒரே ஒரு கோரிக்கை அனுப்பச் சொல்லுங்க சார், உடனே மாத்திரலாம்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். முன்னால் எழுதி வைத்திருப்பதைத்தான் அது வாசிக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கொடுத்தால் வழி உண்டு. ஆனால் தாலுகா ஆபீஸ் வேலை, எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. வருவதோ புரட்டாசி. மகாளய அமாவாசை. அப்பா அம்மா திதி தெரியாதவர்கள்கூட அன்றைக்குச் சாப்பாடு போடுவார்கள். "அந்த அமாவாசைக்கு வார அரிசியிலதான்யா கார்த்திகை வரைக்கும் நாங்க உலை வைக்கிறது" என்றார் டீச்சர். இரண்டு மூன்று குடும்பங்கள் ஏற்கனவே வேறு இல்லத்துக்குப் போய்விட்டன. திதிச் சாப்பாடு அப்படித்தான். ஒரு வருடம் இடம் மாறினால் அங்கேயே பழகிப் போகும்.

பொருளாளர், "எதுக்கு இம்புட்டு மண்டையிடி? புதுப் பேர்ல புதுசா ஒண்ணு போட்டுருவோம், அதுவும் சும்மாதானே கெடைக்குது?" என்றார். பழைய பெயர் அத்தனை குடும்பங்களின் போனிலும் இருக்கிறதே! இல்லத்தின் பேரைத் தட்டினால் இன்னும் பல வருடம் சீட்டாட்டம் வரும்.

ஆக, ஒரே வழிதான். முத்துக்குமாரின் போனுக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும். அதை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். போன் பேரையூரில், மாமனார் வீட்டில் இருக்கிற மலரிடம் இருந்தது.

"காரியம் முடிஞ்சு இன்னும் ஒரு மாசம்கூட முழுசா ஆகல" என்றார் டீச்சர். "அந்தப் பிள்ளகிட்டப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, உன் புருசன் போன எடுன்னு கேக்க?"

இரண்டு நாள் யோசித்தேன். போனில் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நிமிட வேலை. தம்பி தங்கைகளே, அதை மட்டும் என்றைக்கும் செய்யாதீர்கள். 'உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க' என்று போனில் கேட்கிறவன் இன்றைக்குத் திருடன். துக்க வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தப் பழக்கத்தை நாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நேரில் போய், எதற்கு என்று விளங்கச் சொல்லி, மாட்டேன் என்று சொல்கிற உரிமையையும் அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். மறுத்தால் திரும்பி வந்துவிடுவது என்று டீச்சரிடம் பேசிக்கொண்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். திருமங்கலம் தாண்டி மானாவாரிக் காடு ஆரம்பித்ததும் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முத்துக்குமாரின் அப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துக்க வீடு, வாங்க என்று சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினார், தொட்டேன். உள்ளே மலர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தது. டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன்.

"அப்ப அவுக செத்ததுக்கு அப்புறமும் அந்த வேல முடியல" என்றது மலர்.

"மலரு..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"இல்ல டீச்சர், நான் கேக்குறேன். ஞாயித்துக்கெழமயானா அஞ்சு நிமிசம் மலரு, அஞ்சு நிமிசம் மலருன்னு உக்காருவாக. கொழம்பு ஆறிப்போயி ஆட கட்டிரும். இவளுக்குக் காது குத்துறன்னைக்கு, தட்டுல தோடு வச்சாச்சு, ஆசாரி வந்தாச்சு, அப்பன் எங்கன்னு ஊரே தேடுது. மண்டபத்துக்குப் பின்னால ஜெனரேட்டர்கிட்ட உக்காந்து லேப்டாப்பத் தட்டிக்கிட்டு இருக்காக. என்னன்னு கேட்டா, நாளைக்கு ஒருத்தங்க திதி மலரு, காலண்டர் நின்னு போச்சு, சாப்பாடு இல்லாமப் போயிரும்னாக. அப்ப எனக்கு வந்த கோவத்துக்கு..." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டது. "உங்களுக்கு ஒரு பைசா செலவில்லன்னு நீங்க மேடையில பெருமையாச் சொன்னீகளாம். வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாக. நான் சிரிக்கல."

டீச்சர் நாற்பது வருடம் வகுப்பெடுத்தவர். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர். அன்று தரையில் மலருக்கு எதிரே உட்கார்ந்து, புடவை முந்தானையைக் கசக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா. அவன் சொல்லவே இல்லயே" என்றார்.

"சொல்ல மாட்டாக. சொன்னா நீங்க வேணாம்னுருவீகன்னு சொல்ல மாட்டாக."

வாசலிலிருந்து மாமனார் குரல் வந்தது. "குடுத்து விடு தாயி. அவன் ஆரம்பிச்சது. பாதியில விட்டா அவனுக்கும் நல்லாருக்காது."

மலர் எழுந்து போய்ப் பீரோவிலிருந்து போனை எடுத்து வந்தது. சார்ஜ் முழுதாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. மலர் அதற்குத் தினமும் சார்ஜ் போட்டிருக்கிறது.

"இதுல வேற யாரும் கூப்புடுறது இல்ல இப்ப" என்றது. "ஆபீஸ் குரூப்புல இருந்து இந்த நம்பர எடுத்துட்டாக. கூட்டாளிகளும் எப்படிக் கூப்புடுவாங்க? உங்க வெப்சைட்ல இருந்துதான் மெசேஜ் வரும். இன்னாரு நாள் பதிஞ்சிருக்காருன்னு. மொதல்ல வந்தப்ப போனத் தூக்கி எறியணும்போல இருந்துச்சு. அப்பறம்..." குழந்தையின் சட்டையை இழுத்து விட்டது. "அந்தச் சத்தம் கேட்டா இவ எந்திரிச்சு வாசலப் பாப்பா. அந்தச் சத்தம் கேட்டா அப்பா வீட்டுக்கு வந்துட்டாகன்னு இவளுக்குக் கணக்கு, அதான். இப்ப ரொம்பக் கொறஞ்சு போச்சு. எப்பயாச்சும் ஒண்ணு வருது."

குறைந்து போனதற்குக் காரணம் அந்தச் சீட்டாட்டக்காரன் என்று நான் சொல்லவில்லை.

லேப்டாப்பைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன். எண் வந்தது. மலர் ஒவ்வொரு இலக்கமாக வாசித்தது. மெயிலுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. ஒவ்வொரு தடவை போன் சத்தமிடும்போதும் குழந்தை வாசலைப் பார்த்தது. பிறகு எங்களைப் பார்த்தது. மூன்றாவது தடவை டீச்சர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அந்த மெயிலில் எனக்கு வேண்டியதைத் தவிர வேறு எதையும் நான் திறக்கவில்லை. அதுவும் நம் தொழிலில் ஒரு பாடம்தான், ஆனால் அது உங்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கள்ளனை வெளியேற்றினேன். அதற்கு அந்தக் காலண்டரையே எடுத்துவிட வேண்டியிருந்தது. முத்துக்குமார் எழுதிய திதியும் அதோடு போனது. ஓட்டைக்கும் அவர் எழுத்துக்கும் நடுவில் கத்தி வைக்க இடமில்லை. புதியதில் தேதி மட்டும்தான். அந்த மகாளய அமாவாசைக்குக் கூட்டம் குறைவுதான். டீச்சர் பழைய குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, சீட்டாட்டத்துக்கு மன்னிப்புக் கேட்டு, சிலரைத் திரும்பக் கூட்டி வந்தார். சிலர் வரவில்லை. கார்த்திகையில் இரவுச் சாப்பாடு கஞ்சியானது. இப்போது அங்கே வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். சாவிகள் இல்லத்தின் பெயரில் இருக்கின்றன, இரண்டு பேர் கையில். செலவு இல்லை என்று இப்போது யாரும் வாசிப்பதில்லை.

ஆகவே, இனி ஒரு டிரஸ்ட்டுக்காரரிடம் 'இலவசம்' என்று சொல்லும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருடைய ஞாயிற்றுக்கிழமையில் ஓடப் போகிறது? அந்த ஆள் நீங்கள் என்றால், உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டீர்களா? நீங்கள் இல்லாத அன்று யார் கதவைத் திறப்பார்? இதற்குப் பதில் தெரிந்த பிறகு தாராளமாக இலவச மென்பொருளைப் போடுங்கள். அதைவிட நல்ல சாமான் நம் கைக்குக் கிடைக்காது. பதில் தெரியவில்லை என்றால் நாலு பக்கம் காகிதத்தில் அச்சடித்துக் கொடுங்கள், அதுவே போதும். உதவி செய்ய ஆசைப்படுகிற மனசை நான் அணைக்கப் பார்க்கவில்லை. அது எந்த எண்ணெயில் எரிகிறது என்று ஒரு தடவை குனிந்து பார்க்கத்தான் சொல்கிறேன்.

அந்த வீட்டில் கடைசியாக நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

சாவிகளையெல்லாம் மாற்றிய பின், ஒன்று மட்டும் மீதி இருந்தது. நாள் பதிந்தால் செய்தி போகிற எண். அதில் முத்துக்குமாரின் எண் இருந்தது. டீச்சரின் எண்ணைப் போட வேண்டும். என் விரல் அங்கேயே நின்றது. அதை மாற்றாமல் விட்டுவிடலாம். இன்னொரு எண்ணாக டீச்சருடையதைச் சேர்த்துவிட்டால் போதும், இரண்டு போனும் ஒலிக்கும். யாருக்கும் நஷ்டமில்லை என்று ஒரு மனசு சொன்னது. வாசலைப் பார்க்கிற குழந்தையைப் பார்த்தால் இன்னொரு மனசு வேறு சொன்னது. அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை நான் தீர்மானிக்கிற இடம் அது இல்லை. திரையை மலர் பக்கம் திருப்பினேன்.

"இது ஒண்ணுதாம்மா பாக்கி. இத மாத்திட்டா அந்த மெசேஜ் எல்லாம் டீச்சருக்குப் போயிரும். வேணும்னா உன் போனுக்கும் வாரமாதிரி வைக்கலாம். அது ஒண்ணும் கஷ்டமில்ல. நீ சொல்றதுதான்."

"மாத்திட்டா இதுக்கு ஒண்ணும் வராதா?"

"வராதும்மா."

மலர் போனைப் பார்த்தது. மடியில் இருந்த குழந்தை அதைப் பிடுங்கப் பார்த்தது, மலர் கொடுத்துவிட்டது. குழந்தை போனை வாயில் வைத்துக் கடித்தது. வாசலில் மாமனார் இருமினார். கொல்லைப்பக்கமிருந்து டீச்சர் வந்து கதவருகே நின்றார். என்ன பேச்சு நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"மாத்திருங்கண்ணே" என்றது மலர்.

"நெசமாவா?"

"இவ இன்னும் எம்புட்டு நாளைக்கு வாசலப் பாப்பா? மாத்திருங்க."

மாற்றினேன். சரியாகப் போகிறதா என்று பார்க்க, அதிலேயே சோதனைச் செய்தி அனுப்புகிற பட்டன் ஒன்று உண்டு. எப்போதும் செய்கிற வேலை, கை தன்போக்கில் அதைத் தட்டிவிட்டது. நாங்கள் எல்லோரும் குழந்தை கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சும்மா இருந்தது.

கதவருகே டீச்சரின் கைப்பைக்குள் சத்தம் கேட்டது. டீச்சர் திடுக்கிட்டுப் பையைத் திறந்து தேடினார்.

"வந்துருச்சா டீச்சர்?" என்று கேட்டது மலர்.

"வந்துருச்சும்மா" என்றார் டீச்சர்.

குழந்தை வாசல் பக்கம் திரும்பவில்லை.